எஞ்சினை மாற்றும் முன்: சிமுலேஷன் கெட்டால் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அனிமேஷன் காட்சியில் சிமுலேஷன், அதாவது பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணினியே கணக்கிட்டு அசைக்கும் வேலை, கெட்டதும் பலரும் எடுக்கும் முதல் முடிவு, "இந்த எஞ்சின் சரியில்லை, வேறு எஞ்சினுக்குப் போய்விடுவோம்" என்பதுதான். எஞ்சின் என்பது அந்தக் கணக்கைப் போடும் நிரல். பழுது என்று என்னிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் மேல் குற்றமே இருப்பதில்லை. பொருளின் அளவு தவறாக இருக்கும், மோதல் வடிவம் (மோதலைக் கணக்கிட எஞ்சின் பார்க்கும் வடிவம்) பொருந்தாமல் இருக்கும், பழைய கேச் (முன்பே கணக்கிட்டுச் சேமித்த அசைவு) ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பை அப்படியே வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால் பழுதும் கூடவே போகும். புதிய இடத்தில் எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாததால் அதைக் கண்டுபிடிக்க இன்னும் அதிக நாளாகும்.

இங்கே உள்ள வழிமுறைகளை முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரை வைத்து எழுதியிருக்கிறேன். அதன் திடப்பொருள் சிமுலேஷனுக்குள், அதாவது ரிஜிட் பாடிக்குள், ஓடுவது புல்லட் எஞ்சின். 2013இல் வந்த 2.66 பதிப்பிலிருந்து இப்படித்தான். இதே புல்லட் வேறு அனிமேஷன் மென்பொருள்களான மாயாவிலும் ஹௌடினியிலும் சினிமா 4டியின் பழைய டைனமிக்ஸ் பகுதியிலும் இருக்கிறது. ஆகவே பெயர்கள் மாறினாலும் பெரும்பாலான சோதனைகள் அங்கேயும் செல்லும். துணிக்குப் பிளெண்டர் கிளாத் என்ற தன் சொந்த சால்வரை (கணக்கைத் தீர்க்கும் பகுதியை) வைத்திருக்கிறது. நீருக்கும் புகைக்கும் 2020இல் 2.82 பதிப்போடு வந்த மேன்டாஃப்ளோ. மூன்றும் தனித்தனி எஞ்சின்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இவை ஒன்றையொன்று தள்ள வேண்டிய காட்சியில்தான் எஞ்சினை உண்மையாகவே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கிறது, செலவு கூடியது கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த காட்சியில் அதே பழுது வரும்போது மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

காட்சியில் உள்ள மனித உருவத்தின் உச்சந்தலை உயரத்தில் ஒரு சிறு பந்தை வைத்துக் கீழே விடுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் காட்சியில், 1.7 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து சுமார் 14 ஃபிரேமில் தரையைத் தொட வேண்டும். மனித உருவம் இல்லாத காட்சியென்றால் கதவையோ நாற்காலியையோ அளவாகக் கொள்ளலாம்: 1 மீட்டர் உயரத்துக்கு சுமார் 11 ஃபிரேம்.

14 ஃபிரேமில் தொட்டால் அளவு சரி. நேரே உங்கள் அறிகுறிக்குப் போங்கள். 140 ஃபிரேம் ஆனால் உங்கள் உருவம் 100 மடங்கு பெரிதாக இருக்கிறது. ஒன்றிரண்டு ஃபிரேமிலேயே தொட்டுவிட்டால் 100 மடங்கு சிறிதாக இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே பல கோப்புகளின் பழுது வெளிப்பட்டுவிடுகிறது. அதனால்தான் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்கிறேன்.

## அறிகுறி: எல்லாம் மிதப்பது போல மெதுவாக விழுகிறது, அல்லது பொம்மை போலப் படபடக்கிறது

மெதுவாக விழுந்தால் பொருள்கள் மிகப் பெரியவை. படபடத்தால் மிகச் சிறியவை. எடையை மாற்றிப் பயனில்லை. எடை கூடிய பொருள் வேகமாக விழாது. ஆனாலும் பலர் முதலில் கைவைப்பது எடையில்தான்.

கோப்பு வேறு மென்பொருளிலிருந்து வந்திருந்தால்: மாயாவின் இயல்பு அலகு சென்டிமீட்டர். பிளெண்டருக்கும் ஹௌடினிக்கும் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். மாயாவில் 170 அலகு உயரமிருந்த மனிதர் அலெம்பிக் கோப்பின் (அசைவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு வகை) வழியாக வரும்போது 170 மீட்டர் உயரக் கோபுரமாக வந்து நிற்பார். உள்ளே கொண்டுவரும்போதே அளவை 0.01 ஆக்குங்கள்.

கோப்பு பிளெண்டரிலேயே செய்யப்பட்டிருந்தால்: காட்சி அமைப்பில் யூனிட் ஸ்கேல் எண்ணை மட்டும் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த எண் திரையில் காட்டப்படும் அளவைத்தான் மாற்றும். புல்லட் பார்ப்பது உண்மையான அலகை. பொருளையே சுருக்கி, பிறகு கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்ய வேண்டும், அதாவது மாற்றிய அளவைப் பொருளிலேயே நிலைப்படுத்த வேண்டும்.

மாயாவிலேயே துணி மிதந்தால்: அங்கே துணியைக் கணக்கிடும் எஞ்சினான நியூக்ளியஸ் ஓர் அலகை ஒரு மீட்டராகவே எடுத்துக்கொள்கிறது. சென்டிமீட்டரில் செய்த உருவத்துக்கு அதன் ஸ்பேஸ் ஸ்கேல் 0.01 ஆக இருக்க வேண்டும். அங்கே மிதக்கும் சேலைகளுக்கும் துப்பட்டாக்களுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அளவு சரியாகி, பந்துச் சோதனையும் சரியாகி, இன்னும் இயக்குநருக்கு வேகம் பிடிக்கவில்லை என்றால் அது பழுது அல்ல, ரசனை. ரிஜிட் பாடி வேர்ல்டில் (திடப்பொருள் சிமுலேஷனின் பொது அமைப்புகள் இருக்கும் பகுதி) ஸ்பீடு எண்ணை மாற்றிக்கொள்ளலாம். வெளி நிபுணர் தேவைப்படாத அறிகுறி இது.

## அறிகுறி: பொருள் தரையையோ சுவரையோ ஊடுருவிப் போகிறது

எல்லாப் பொருளும் ஊடுருவினால்

தரை ரிஜிட் பாடியாகவே சேர்க்கப்படவில்லை, அல்லது சேர்க்கப்பட்டும் பாசிவ் ஆக (தான் விழாமல் மற்றவற்றோடு மோத மட்டும் செய்வதாக) இல்லை. முதலில் இதைப் பாருங்கள். சரியாக இருந்தால், தரையும் விழும் பொருளும் ஒரே மோதல் கலெக்‌ஷன் எண்ணில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு வேறு எண்ணில் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. அடுத்தது ஸ்கேல். தரையின் ஸ்கேல் அப்ளை செய்யப்படாமலோ எதிர்மறை எண்ணாகவோ இருந்தால் அப்ளை செய்யுங்கள்.

தடிமனே இல்லாத ஒற்றைத் தாளைத் தரையாக வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அரை மீட்டர் தடிமனுள்ள ஒரு கட்டையைத் தரைக்குள் புதைத்து, ரெண்டரில் (இறுதிப் படத்தில்) மறைத்து, அதன் மோதல் வடிவத்தை, அதாவது ஷேப்பை, பாக்ஸ் என்று வையுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேகமான பொருள் மட்டும் ஊடுருவினால்

கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறியப்பட்ட கல், 24 ஃபிரேம் காட்சியில் ஒரு ஃபிரேமுக்கு 83 சென்டிமீட்டர் நகர்கிறது. ரிஜிட் பாடி வேர்ல்டில் சப்ஸ்டெப், அதாவது ஒரு ஃபிரேமுக்குள் எத்தனை முறை கணக்கிடுவது என்ற எண், இயல்பாக 10. ஆக, புல்லட் அந்தக் கல்லை 8.3 சென்டிமீட்டருக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. சுவர் 5 சென்டிமீட்டர், கல் 2 சென்டிமீட்டர் என்றால், ஒரு பார்வையில் கல் சுவருக்கு முன்னால் இருக்கும், அடுத்த பார்வையில் பின்னால் இருக்கும். மோதல் நடந்ததாகவே கணக்கில் வராது.

முதலில் சுவரின் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தைத் தடிமனாக்குங்கள். அதற்குச் செலவே இல்லை. போதவில்லை என்றால் சப்ஸ்டெப்பை 20, 40 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் கணக்கிடும் நேரமும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

ஓர் எச்சரிக்கை: சப்ஸ்டெப்பை மாற்றினால் எல்லாப் பொருள்களின் பாதையும் மாறிவிடும். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய காட்சியில் ஒரே ஒரு கல் மட்டும் ஊடுருவுகிறது என்றால் சப்ஸ்டெப்பைத் தொடாதீர்கள். பேக் டூ கீஃபிரேம்ஸ் கட்டளையால் அசைவை கீஃபிரேமாக்கி (பொருளின் நிலையை ஃபிரேம் வாரியாகப் பதிவு செய்து), அந்தக் கல்லைக் கையால் திருத்திவிடுங்கள். பார்வையாளர் பார்ப்பது கேமராவின் பக்கத்தை மட்டும்தான்.

தரையோ சுவரோ தானே அசைந்தால்

கீஃபிரேமில் நகரும் பொருளுக்கு அனிமேட்டட் என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு நகரும், புல்லட்டுக்கு நகராது. எலும்புக்கட்டமைப்பாலோ மாடிஃபையராலோ (பொருளின் வடிவத்தை மாற்றும் கருவி) வளையும் பொருளாக இருந்தால் ஷேப் மெஷ் (பொருளின் உண்மையான வலைப்பரப்பு) ஆக இருந்து, டிஃபார்மிங் பெட்டியும் டிக் செய்யப்பட்டு, சோர்ஸ் என்பதும் பேஸ் இல்லாமல் டிஃபார்ம் அல்லது ஃபைனல் என்று இருக்க வேண்டும்.

## அறிகுறி: பொருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன

இடைவெளி மெல்லியதாக, எங்கும் ஒரே அளவில் இருந்தால்: மார்ஜின், அதாவது மோதல் வடிவத்தின் பரப்பில் எஞ்சின் வைக்கும் விளிம்பு. இயல்பு அளவு 0.04 மீட்டர், அதாவது 4 சென்டிமீட்டர். கட்டடம் இடியும் காட்சியில் இது தெரியாது. மேசை மேல் நாணயம் விழும் காட்சியில் நாணயம் அந்தரத்தில் நிற்கும். பாக்ஸ், உருண்டை, சிலிண்டர் வடிவங்கள் மார்ஜினைத் தமக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும். மெஷ் வடிவமும் கூம்பு வடிவமும் வெளியே காட்டும். தரை மெஷ் வடிவமாக இருந்தால் அதன் மார்ஜினைப் பெரும்பாலும் பூஜ்யமாக்கலாம். அசையும் பொருளின் மார்ஜினைப் பூஜ்யமாக்குவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடலாம்.

இடைவெளி பெரிதாக, ஒரு பக்கம் மட்டும் இருந்தால்: மோதல் வடிவம். பிளெண்டர் இயல்பாகக் கொடுப்பது கான்வெக்ஸ் ஹல், அதாவது பொருளின் மேல் இறுக்கிச் சுற்றிய உறை. கிண்ணத்துக்கு அதைக் கொடுத்தால் கிண்ணத்தின் வாயே மூடிவிடும். உள்ளே போட்ட நெல்லிக்காய் விளிம்பு மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கிண்ணம் அசையாததாக இருந்தால் ஷேப்பை மெஷ் என்று மாற்றினால் போதும். கிண்ணமும் உருள வேண்டும் என்றால் மெஷ் வடிவம் வேண்டாம். அது மெதுவானது, நடுங்கவும் செய்யும். கிண்ணத்தைச் சுற்றி எளிய கட்டைகளால் ஒரு வளையம் செய்து, அவற்றைக் குழந்தைப் பொருள்களாக இணைத்து, தாய்ப் பொருளுக்கு காம்பவுண்ட் பேரன்ட் வடிவத்தைக் கொடுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு அந்தக் கிண்ணம் தொல்லையே தராது.

## அறிகுறி: முதல் ஃபிரேமிலேயே வெடித்துச் சிதறுகிறது

இரண்டு மோதல் வடிவங்கள் தொடக்கத்திலேயே ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க எஞ்சின் கொடுக்கும் தள்ளுதான் வெடிப்பாகத் தெரிகிறது. உடைக்கப்பட்ட சுவர், அடுக்கிய செங்கல், பெட்டிக்குள் பெட்டி ஆகிய மூன்றிலும் இது வழக்கம்.

கண்ணுக்கு மெஷ்கள் தனித்தனியாகத் தெரியலாம். ஆனால் எஞ்சின் பார்ப்பது மெஷ்ஷை அல்ல, உறையை. உள்வளைவுள்ள ஒரு துண்டின் உறை பக்கத்துத் துண்டுக்குள் நீண்டிருக்கும். துண்டுகளைத் தம் மையத்தை நோக்கி நூற்றுக்கு ஒரு பங்கு சுருக்கிப் பாருங்கள். வெடிப்பு நின்றால் காரணம் அதுவே. சுருக்கியது கேமராவில் தெரிந்தால், சுருக்கிய துண்டுகளை மறைத்துவைத்து, அவற்றின் அசைவை மட்டும் அசல் துண்டுகளுக்குக் கொடுங்கள்.

சுருக்கியும் நிற்கவில்லை என்றால் ரிஜிட் பாடி வேர்ல்டில் ஸ்பிளிட் இம்பல்ஸ் பெட்டியை டிக் செய்யுங்கள். அது மோதலில் திரளும் தேவையற்ற வேகத்தைக் குறைக்கும். பதிலுக்கு நிலைத்தன்மையில் சற்றுக் குறையும். அதனால் இதைக் கடைசி வழியாக வைத்திருக்கிறேன். சுவர் குறிப்பிட்ட நேரம் வரை அசையாமல் நிற்க வேண்டும் என்றால் டீஆக்டிவேஷனையும் ஸ்டார்ட் டீஆக்டிவேட்டட் பெட்டியையும் டிக் செய்துவிடலாம். மோதும் வரை துண்டுகள் உறங்கும்.

## அறிகுறி: அடுக்கிய பொருள்கள் நடுங்குகின்றன, ஓய்வே எடுப்பதில்லை

அதிகம் வருகிற அறிகுறி இதுதான். எஞ்சினை மாற்றத் தூண்டுவதும் இதுதான்.

முதல் காரணம், எடை வேறுபாடு. பிளெண்டரில் எல்லாப் பொருளுக்கும் இயல்பு எடை 1 கிலோ. சிலர் உண்மைத்தன்மைக்காக ஒரு கற்பாளத்துக்கு 2000 கிலோ கொடுத்து, அதை 1 கிலோ மரப்பெட்டிகள் மேல் வைத்துவிடுகிறார்கள். கனமானது கீழே, இலேசானது மேலே என்றால் புல்லட் தாங்கும். தலைகீழாக வைத்தால் திணறும். அதன் கையேடே இந்த எடை விகிதத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. விகிதத்தைப் பத்து மடங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கற்பாளம் 10 கிலோ என்று சொன்னால் பார்வையாளருக்குத் தெரியப்போவதில்லை, நடுக்கம் தெரியும்.

இரண்டாவது, பொருளின் சிறுமை. பூமி ஈர்ப்பில் அசையும் பொருள் சுமார் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று புல்லட்டின் கையேடு சொல்கிறது. சொக்கட்டான் காய்களும் மிளகும் அதற்கு மிகச் சிறியவை. இதற்கு நான் செய்வது: காட்சி முழுவதையும் 10 மடங்கு பெரிதாக்கி, ஈர்ப்பையும் 10 மடங்காக்கி, சிமுலேஷன் செய்து, கீஃபிரேமாக்கிய பிறகு திரும்பச் சுருக்குவது. ஈர்ப்பு கூடினால் வேகமும் கூடும் என்பதால் சப்ஸ்டெப்பையும் கூட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பொருளின் ஆரிஜின் புள்ளி. பிளெண்டரில் ரிஜிட் பாடியின் ஈர்ப்பு மையம் அதுதான். புள்ளி பொருளின் ஓரத்திலோ வெளியிலோ இருந்தால், எந்த அடுக்கிலும் அது உட்காராது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஆரிஜினைக் கன அளவின் மையத்துக்கு மாற்றுங்கள்.

நான்காவதாகத்தான் சால்வர் எண்களுக்கு வர வேண்டும். உயரமான அடுக்குக்கும், கன்ஸ்ட்ரெய்ன்ட்டால் (பொருள்களைப் பிணைக்கும் கட்டு) கட்டிய சங்கிலிக்கும் சால்வர் இட்டரேஷனை, அதாவது ஒவ்வொரு சப்ஸ்டெப்பிலும் சால்வர் திரும்பத் திரும்பக் கணக்கிடும் எண்ணிக்கையை, 10இலிருந்து 30, 50 என்று கூட்டுங்கள். அதன்பிறகும் நடுங்கினால் சப்ஸ்டெப். இரண்டில் ஒன்றைத்தான் கூட்ட நேரமிருக்கிறது என்றால் நான் சப்ஸ்டெப்பைக் கூட்டுவேன். பெரும்பாலான காட்சிகளில் பலன் அதில்தான் அதிகம்.

கடைசியாக டீஆக்டிவேஷன். அதை டிக் செய்தால் வேகம் ஒரு வரம்புக்குக் கீழே போனதும் பொருள் உறங்கிவிடும். இயல்பு வரம்பு நேர் வேகத்துக்கு 0.4, சுழல் வேகத்துக்கு 0.5. வரம்பை மிகவும் உயர்த்தினால், மெதுவாகச் சாயும் தூண் பாதிச் சாய்விலேயே உறைந்து நிற்கும்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: ஆயிரக்கணக்கான துண்டுகள், அவற்றை ஒட்டிப் பிடித்து ஒவ்வொன்றாக விட்டுவிடும் பிணைப்புகள், கம்பி துருத்தும் கான்கிரீட் என்று காட்சி கேட்டால் ஹௌடினி தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கேயும் அடியில் ஓடுவது பெரும்பாலும் இதே புல்லட்தான். நீங்கள் பணம் கொடுப்பது எஞ்சினுக்கு அல்ல. துண்டுகளை உடைக்கவும் பிணைப்பை வகைப்படுத்தவும் அங்கே உள்ள கருவிகளுக்கும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஒருவரின் நேரத்துக்கும்.

## அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஓடுகிறது, அல்லது நடுவில் நின்றுவிடுகிறது

250ஆவது ஃபிரேமில் எல்லாம் உறைந்தால்: காட்சியின் நீளத்தைக் கூட்டியிருப்பீர்கள், கேச்சின் முடிவு எண்ணைக் கூட்டியிருக்க மாட்டீர்கள். ரிஜிட் பாடி வேர்ல்டில் ஒன்று, ஒவ்வொரு துணிக்கும் ஒன்று என்று தனித்தனிக் கேச் இருக்கிறது. எல்லாவற்றிலும் மாற்றுங்கள்.

எண்ணை மாற்றியும் அசைவு மாறவில்லை என்றால்: பேக் செய்த (கணக்கிட்டு நிலையாகச் சேமித்த) கேச் இன்னும் இருக்கிறது. அதை நீக்கி, முதல் ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து ஓட்டுங்கள். நடு ஃபிரேமுக்குத் தாவினால் கிடைப்பது சிமுலேஷனே அல்ல.

ஒரு கணினியில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்றால்: ரெண்டர் செய்யும் கணினிகளுக்கு பேக் செய்யாத கோப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு கணினி 1 முதல் 50 வரை, மற்றொன்று 51 முதல் என்று பிரித்து எடுக்கும்போது, இரண்டாவது கணினியில் பொருள்கள் விழத் தொடங்கியே இருக்காது. ஒரே கணினியில் பேக் செய்து, அலெம்பிக்காக வெளியே எடுத்து, ரெண்டர் கோப்பில் அலெம்பிக்கை மட்டும் வைக்க வேண்டும். ஒப்புதல் வாங்கிய ஒவ்வொரு சிமுலேஷனையும் இப்படி எடுத்து வைத்தால் பிளெண்டரின் அடுத்த பதிப்பு வந்தாலும் காட்சி மாறாது.

## அறிகுறி: துணி உடலுக்குள் புகுகிறது

உடலுக்கு கொலிஷன் மாடிஃபையர் இருக்கிறதா என்று பாருங்கள். அது எலும்புக்கட்டமைப்பு மாடிஃபையருக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் துணி மோதுவது அசையாத உடலோடு. உடலின் நார்மல்கள் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் திசைகள்) வெளிப்பக்கம் பார்க்கின்றனவா என்பது அடுத்தது. துணி மெஷ்ஷில் சப்டிவிஷன் (பரப்பை நுணுக்கமாக்கும் மாடிஃபையர்) கிளாத்துக்குக் கீழே இருக்கட்டும்.

அதன்பிறகு கிளாத் குவாலிட்டி ஸ்டெப்பை 5இலிருந்து 10, 15 என்றும், கொலிஷன் குவாலிட்டியை 2இலிருந்து 4, 5 என்றும் கூட்டுங்கள். மடிப்புகள் ஒன்றையொன்று ஊடுருவினால்தான் செல்ஃப் கொலிஷன், அதாவது துணி தன்னோடு தானே மோதும் அமைப்பு. தேவையில்லாமல் அதைப் போட்டால் நேரம்தான் வீணாகும்.

அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் மட்டும் கிழிந்தால் துணியைத் தொடாதீர்கள். உடல் அசைவைப் பாருங்கள். மேல்கை விலா எலும்புக்குள் புகுந்திருக்கும். உடலே உடலுக்குள் புகுந்த இடத்தில், நடுவில் சிக்கிய துணிக்குப் போக இடமே இல்லை. இந்தப் பழுதோடு கிளாத்திலிருந்து நியூக்ளியஸுக்கும், அங்கிருந்து ஹௌடினிக்கும் அலைந்த காட்சிகள் உண்டு. அனிமேட்டரிடம் திருப்பிக் கொடுத்து, கையை இரண்டு சென்டிமீட்டர் விலக்கச் சொல்வதே தீர்வு.

முதல் சில ஃபிரேமில் மட்டும் கெட்டால் காட்சிக்கு முன்னால் ஓட்டம் இல்லை. காட்சி 1001இல் தொடங்குகிறது என்றால், 951இல் கைகளை விரித்த நிலையில் உருவத்தை நிறுத்தி, மெல்ல முதல் நிலைக்குக் கொண்டுவந்து, துணி தொங்கி அமர நேரம் கொடுங்கள்.

நிபுணரைத் தேட வேண்டியது பல அடுக்கு உடைகளுக்கு: பாவாடை மேல் தாவணி, சட்டை மேல் கோட்டு. ஒற்றை உடைக்கு வேண்டாம்.

## அறிகுறி: நீர் கசிகிறது, காணாமல் போகிறது

எண்ணைப் பாருங்கள். மேன்டாஃப்ளோவின் ரெசல்யூஷன் இயல்பாக 32; டொமைனின் (நீர் கணக்கிடப்படும் பெட்டியின்) நீளமான பக்கத்தை அத்தனை கட்டங்களாக வெட்டுகிறது. 4 மீட்டர் அறையையே டொமைனாக வைத்தால் ஒரு கட்டம் 12.5 சென்டிமீட்டர். மேசை மேலுள்ள டம்ளரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும்; அதற்குள் நீரை எப்படி நிறுத்துவது? டொமைனை டம்ளரைச் சுற்றி 20 சென்டிமீட்டராகச் சுருக்கி, ரெசல்யூஷனை 64 ஆக்கினால் ஒரு கட்டம் 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். டொமைனைச் சுருக்குவதற்குச் செலவே இல்லை, 32ஐ 64 ஆக்கும் ஒரே இரட்டிப்புக்குத்தான் செலவு. மாறாக, அறை முழுவதையும் வைத்துக்கொண்டு அதே அளவு கட்டத்தை எட்ட ரெசல்யூஷனைப் பல முறை இரட்டிப்பாக்க வேண்டும்; ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கட்டங்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகும், நினைவகமும் அதற்கேற்பத் தீரும்.

டம்ளரின் சுவர் 2 மில்லிமீட்டர், கட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் கசியத்தான் செய்யும். சுவர் குறைந்தது இரண்டு கட்டத் தடிமன் இருக்க வேண்டும். உட்பக்கம் அதே அளவும் வெளிப்பக்கம் தடிமனுமாக ஒரு மறைவு டம்ளர் செய்து, அதை எஃபெக்டராக (நீரைத் தடுக்கும் பொருளாக) வையுங்கள். நீர் ஊற்றும் பொருள் ஒரு முறை மட்டும் துப்பிவிட்டு நின்றால், அது ஜியாமெட்ரி என்று இருக்கிறது, தொடர்ந்து ஊற்றும் இன்ஃப்ளோ ஆக்குங்கள்.

ஆறு, கடலலை, வெள்ளம் போன்ற காட்சிகளை வீட்டுக் கணினியில் முயல வேண்டாம். அவற்றை முதல் நாளே வெளியே கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: பெட்டி துணியைத் தள்ளுகிறது, துணி பெட்டியைத் தள்ளவில்லை

இந்த அறிகுறியை எந்த எண்ணாலும் தீர்க்க முடியாது. மெத்தை மேல் இரும்புக் குண்டு விழுந்து, மெத்தை குழிந்து, குண்டு எம்ப வேண்டும். நீரில் மரக்கட்டை மிதக்க வேண்டும். கயிற்று வலை பந்தைத் தாங்க வேண்டும். பிளெண்டரில் புல்லட்டும் கிளாத்தும் மேன்டாஃப்ளோவும் ஒரு திசையில் மட்டும் பேசிக்கொள்கின்றன: திடப்பொருள் துணியையும் நீரையும் தள்ளும்; அவை திருப்பித் தள்ளாது.

ஒன்றிரண்டு பொருளும் ஒரே காட்சியும் என்றால் ஏமாற்றிச் செய்யலாம். குண்டின் எம்பலைக் கையால் கீஃபிரேம் செய்து, மெத்தையை மட்டும் சிமுலேட் செய்யுங்கள். மரக்கட்டைக்கு நீரின் மேல்மட்டத்தைப் பார்த்து அசைவு கொடுங்கள். எல்லாக் காட்சிகளிலும் முதலில் இதைத்தான் பரிந்துரைக்கிறேன். நல்ல அனிமேட்டரின் கை பல இடங்களில் எஞ்சினைவிட நம்பத்தக்கதாக இருக்கும்.

தொடர் முழுவதும் வரப்போகிறது, பொருள்களும் பல என்றால் எஞ்சினை மாற்றுங்கள். இதில் தயங்க வேண்டாம்.

எதற்கு மாறுவது? துணி, முடி, மென்மையாக வளையும் பொருள்கள், மணல் போன்ற துகள்கள் ஒன்றோடொன்று மோத வேண்டும் என்றால், 2018இல் ஹௌடினி 17 உடன் வந்த 'வெல்லம்' (Vellum) சால்வர் அவற்றை ஒரே கணக்கில் தீர்க்கிறது. நீரும் திடப்பொருளும் இருபுறமும் தள்ளிக்கொள்ளும் வசதியும் ஹௌடினியில் உண்டு. ஏற்கெனவே சினிமா 4டியில் வேலை செய்பவர் வெளியே போகவே தேவையில்லை: 2024 பதிப்பில் திடப்பொருள்களும் அதன் ஒருங்கிணைந்த சிமுலேஷனுக்குள் வந்துவிட்டன, பழைய புல்லட் டேகை விட்டுப் புதியதற்கு மாறினால் துணியும் திடப்பொருளும் பேசிக்கொள்ளும். மாயாவில் துணியும் துகளும் நியூக்ளியஸுக்குள் ஒன்றாக இருக்கின்றன, ஆனால் அங்கே புல்லட் தனி. ஆகவே திடப்பொருளுக்காக மாயாவுக்குப் போவதில் லாபமில்லை.

மாறும் முன் செலவைப் பாருங்கள். ஹௌடினியின் இலவச அப்ரன்டிஸ் பதிப்பு கற்பதற்கு மட்டும். ரெண்டரில் அடையாள முத்திரை விழும், அதை வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்டி உரிமத்துக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு. பணத்தைவிடப் பெரிய செலவு, கற்க எடுக்கும் நேரம். பாதிப் படத்தில் மாறாதீர்கள். அடுத்த படத்தின் தொடக்கத்தில் மாறுங்கள். இந்தப் படத்துக்கு ஏமாற்றோ வெளி நிபுணரோ போதும்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் தாங்க முடியாத மெதுவாக இருக்கிறது

புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்களை இங்கே நிறுத்த வேண்டும். பிளெண்டரின் புல்லட், கிளாத், மேன்டாஃப்ளோ மூன்றும் ஓடுவது சிபியூவில். கார்டு ரெண்டரைத்தான் வேகமாக்கும்.

மெஷ் வடிவங்களைத் தேடி, முடிந்தவற்றை பாக்ஸாகவும் உருண்டையாகவும் கான்வெக்ஸ் ஹல்லாகவும் மாற்றுங்கள். கேமராவுக்கு வெளியே உள்ளவற்றை நீக்குங்கள். துணியின் மெஷ்ஷைப் பாதியாக்கி, நயத்தை சப்டிவிஷனிடம் விடுங்கள்.

## நிபுணரிடம் கொடுக்கும்போது

"சிமுலேஷன் வரவில்லை" என்று முழுப் படக்கோப்பை அனுப்பினால், அவர் முதல் நாளைக் கோப்பைச் சுத்தம் செய்வதில் செலவிடுவார். அதற்கும் கட்டணம் உங்களுடையதுதான். பழுது தெரியும் பொருள்கள் மட்டும் உள்ள சிறு கோப்பு, உடல் அசைவின் அலெம்பிக், கேமரா, காட்சியின் ஃபிரேம் வீதம், ஓர் அலகு எத்தனை மீட்டர் என்ற குறிப்பு, பழுது தெரியும் ஃபிரேம் எண்கள், இதுவரை மாற்றிப் பார்த்த எண்களின் பட்டியல் ஆகியவற்றைக் கொடுங்கள். ஒப்புதல் பெற்ற அசைவு எது, எதை மாற்றலாம் என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். முடிவை அலெம்பிக்காகத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்; அவர் எந்த எஞ்சினில் செய்தாலும் உங்கள் கோப்பில் அது திறக்கும்.